ஃபிளாட்லேண்ட்: முதல் பாதியிலேயே எரிச்சல் வருகிறது, தொடரலாமா?

கீழ்வானம்

நான்காவது பரிமாணம் என்றால் என்னவென்று புரிய வேண்டுமானால் எட்வின் அபாட் எழுதிய ஃபிளாட்லேண்டைப் படி என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். 1884இல் லண்டனில் வந்த புத்தகம். காப்புரிமை எப்போதோ முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சின்னதுதான், மொத்தம் 22 அத்தியாயம். ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஏழாவது அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

கதை நடப்பது தாள் போலத் தட்டையான ஓர் உலகத்தில். மேல், கீழ் என்பதே அங்கே கிடையாது. ஆட்கள் எல்லாம் வடிவங்கள். கதை சொல்பவர் ஒரு சதுரம். பக்கம் கூடக் கூட அந்தஸ்து. இருசமபக்க முக்கோணம் என்றால் கூலிக்காரன் அல்லது சிப்பாய், சமபக்க முக்கோணம் நடுத்தர வர்க்கம், சதுரமும் ஐங்கோணமும் கனவான்கள், அறுகோணத்திலிருந்து பிரபுக்கள். பக்கங்களை எண்ணவே முடியாதபடி ஆகிவிட்டால் வட்டம், அதாவது பூசாரி வர்க்கம்.

பெண்களோ? வெறும் நேர்கோடு. கூர்மையாக இருப்பதால் ஆபத்தானவர்களாம். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தனி வாசல். தெருவில் நடந்தால் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், தவறினால் மரண தண்டனை. வலிப்போ, பலத்த தும்மலோடு நாள்பட்ட ஜலதோஷமோ இருந்தால் அப்போதே தீர்த்துவிடுவார்கள். கோபத்தில் குடும்பம் முழுவதையும் குத்திக் கொன்றுவிட்டு, அரை மணி நேரம் கழித்து என் புருஷன் எங்கே, பிள்ளைகள் எங்கே என்று கேட்ட ஒருத்தியைத் தனக்கே தெரியும் என்கிறார் சதுரம்.

பரிமாணம் படிக்க வந்தவளுக்கு இது எதற்கு? மேலே படிக்கலாமா, வேண்டாமா?

நாற்கரம்

நேராக 13ஆம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுங்கள். முதல் பாகம் வெறும் ஊர் வர்ணனை. இரண்டாம் பாகத்தில்தான் சரக்கு. சதுரம் கனவில் ஒற்றைப் பரிமாண உலகத்துக்குப் போகிறார். அங்கே ராஜாவும் பிரஜைகளும் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நிற்கிறார்கள், யாரும் யாரையும் தாண்ட முடியாது. இடம், வலம் என்று ஒன்று இருப்பதை அந்த ராஜாவுக்குப் புரியவைக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார். மறுநாளே அதே கதி அவருக்கு நேர்கிறது. பூட்டிய வீட்டுக்குள் ஒரு கோளம் வந்து நின்று, மூன்றாவது பரிமாணம் இருக்கிறது என்கிறது. கட்டமைப்பு அபாரம். முதல் பாகம் இல்லாமலே இதை அனுபவிக்கலாம்.

உப்புக்காற்று

> முதல் பாகம் இல்லாமலே இதை அனுபவிக்கலாம்.

இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. பரிமாணத்தை விளக்க எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன, 140 வருஷப் பழைய புத்தகம் தேவையே இல்லை. அபாட் எழுத நினைத்தது முதல் பாகத்தைத்தான். கோளம், கனசதுரம் எல்லாம் அதற்கு வழித்துணை.

அதற்காக அபாட்டுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் தனியாகப் பேசுவோம்.

டீக்கடை பெஞ்ச்

பக்கத்தை எண்ணி மரியாதை கொடுப்பதைப் படித்ததும் எனக்குச் சாதிதான் ஞாபகம் வந்தது. யாருக்கும் வரவில்லையா?

பழைய புத்தகக்கடை

வராமல் இருக்காது. ஆனால் அபாட் குறிவைப்பது விக்டோரியா காலத்து இங்கிலாந்தை, அதன் வர்க்க ஏணியை. முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஃபிளாட்லேண்டில் ஏற வழி உண்டு. சதுரத்துக்குப் பிறக்கும் ஆண் குழந்தை ஐங்கோணம், அதன் மகன் அறுகோணம், இப்படித் தலைமுறைக்கு ஒரு பக்கம் கூடும். இது இயற்கையின் சட்டம் என்கிறார்கள். இருசமபக்கக் கூலிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அவர்களுக்குத் தலைமுறைக்கு அரை டிகிரி, அதுவும் ஒழுங்காக உழைத்தால். எப்போதாவது அபூர்வமாக அவர்கள் வீட்டில் ஒரு சமபக்கக் குழந்தை பிறந்துவிட்டால் ஊரே கொண்டாடும். பிறகு குழந்தையை எடுத்துக்கொண்டு போய், பிள்ளையில்லாத ஒரு சமபக்கத் தம்பதிக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். பெற்றவர்களை அது இனி பார்க்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். பார்த்தால் பழைய புத்தி ஒட்டிக்கொள்ளுமாம்.

இந்த ஏற்பாட்டை மேல்தட்டு ஏன் விரும்புகிறது என்பதைச் சதுரமே பெருமையாகச் சொல்கிறார். கீழே இருப்பவனுக்கு ஒரு துளி நம்பிக்கை இருந்தால் அவன் கலகம் செய்ய மாட்டான். மீறிச் செய்தாலும் கவலை இல்லை, கலகத் தலைவன் ஆகிற அளவுக்கு ஒருவனுக்கு அறிவு வளர்ந்தால் அவன் கோணமும் விரிந்துவிடும், குத்துகிற கூர்மை போய்விடும். அறிவும் ஆயுதமும் ஒரே ஆளிடம் சேராது. அதையும் தாண்டி 120 கலகங்கள், 235 சிறு கிளர்ச்சிகள் நடந்ததாகக் கணக்குச் சொல்கிறார். ஒன்றும் ஜெயிக்கவில்லை. திறமையான தலைவனைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் கோணத்தைச் செயற்கையாகத் திருத்தி, மேல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் மோதவிட்டால் வேலை முடிந்தது.

1884ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம்தான் இங்கிலாந்தில் கிராமத்துத் தொழிலாளிகளுக்கும் ஓட்டு கொடுக்கச் சட்டம் வந்தது. பெண்களுக்குக் கிடையாது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஆங்கிலேய விஞ்ஞானி கால்ட்டன் யூஜெனிக்ஸ் என்று ஒரு பெயர் வைத்து, நல்ல ரத்தம் கெட்ட ரத்தம் பேசத் தொடங்கியிருந்தார். குற்றவாளியை மண்டையோட்டை அளந்து கண்டுபிடிக்கலாம் என்று லொம்ப்ரோசோ இத்தாலியில் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தின் கோணத்தை அளந்து மனிதர்களைத் தரம் பிரிப்பதற்கு அதைவிட நூறு வருஷப் பழக்கம் இருந்தது. கோணம் சின்னதானால் புத்தி சின்னது என்று ஃபிளாட்லேண்டுக்காரன் சொல்லும்போது, அன்றைய வாசகனுக்கு அது விசித்திர உலகமாகத் தோன்றியிருக்காது.

கணக்கு டீச்சர்

ஏழாம் அத்தியாயத்தில் கீழ்வானம் நிறுத்தியது புரிகிறது, அது ஒழுங்கற்ற வடிவங்களைப் பற்றியது. பக்கங்கள் சமமாக இல்லாமல் பிறந்தவனை ஆஸ்பத்திரியில் திருத்தப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கொன்றுவிடுவார்கள். அவனை எல்லாரும் சந்தேகத்தோடே பார்ப்பதால்தான் அவன் கெட்டுப்போகிறான் என்று சிலர் வாதாடுவதையும் சதுரம் குறிப்பிடுகிறார். குறிப்பிட்டுவிட்டு, அரசாங்கம் செய்வதுதான் சரி என்று முடித்துவிடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் இருப்பவள் என்பதால் எனக்கு உறுத்திய இடம் வேறு. கோணத்தைத் தொட்டுப் பார்த்து ஆளை அடையாளம் காண வேண்டும் என்பதால், பிள்ளைகளின் பயிற்சிக்குக் கீழ்வகுப்புக் குற்றவாளிகளை வகுப்பறையில் கட்டிப்போட்டு வைப்பார்கள். செலவு பார்க்கிற ஊர்களில் அவர்களுக்கு அவ்வப்போது சாப்பாடு போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். நன்றாக நிர்வாகம் நடக்கிற ஊர்களில் சாப்பாடே கிடையாது, மாதம் ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். பட்டினியில் ஒரு மாதம் தாங்குமாம். கல்விக்கு இதுதான் நல்லது, பழைய மாதிரிகள் தேய்ந்து போயிருக்கும் என்கிறார் சதுரம்.

இதை எழுதியவர் ஒரு தலைமையாசிரியர். 1865 முதல் 1889 வரை சிட்டி ஆஃப் லண்டன் பள்ளியை நடத்தியவர். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் இதை எழுதினார்.

டீக்கடை பெஞ்ச்

புனைபெயரில் எழுதியிருப்பார், இல்லையா? வேலை போயிருக்குமே.

பழைய புத்தகக்கடை

ஆமாம், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சதுரம்' என்றுதான் அச்சடித்தார்கள். அபாட் மதகுருவும்கூட. ஷேக்ஸ்பியர் இலக்கணம் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர். பிற்காலத்தில் இங்கிலாந்துப் பிரதமரான ஆஸ்க்வித் அவர் பள்ளியில் படித்தவர். குரு பெண்கல்விக்காக உழைத்தவர். சிஷ்யர் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கக் கூடாது என்று வருஷக்கணக்கில் பிடிவாதம் பிடித்தவர். என்ன சொல்ல!

நாற்கரம்

நல்ல தகவல்கள்தான். ஆனாலும் கேட்கிறேன், இந்தப் புத்தகம் இன்றுவரை நிற்பது கணிதத்தால்தானே? சார்பியல் வந்த பிறகுதான் திரும்பத் தேடிப் படித்தார்கள். 1920இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கடிதம், ஐன்ஸ்டைனின் கருத்துகளைப் பேசும்போது இந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டியது. 1980இல் கார்ல் சேகன் தொலைக்காட்சித் தொடரில் ஆப்பிளையும் தட்டை மனிதர்களையும் வைத்து விளக்கினார். வர்க்க நையாண்டிக்காக இதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

உப்புக்காற்று

அதுதான் என் குறையே. கசப்பு மருந்தைத் துப்பிவிட்டுத் தேனை மட்டும் நக்கியிருக்கிறார்கள்.

கீழ்வானம்

டீச்சர், அந்தக் கோளம் வரும் இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்குங்களேன். தாவிப் போய்ப் படித்தேன். வட்டம் பெரிதாகிறது, சிறிதாகிறது, மறைகிறது என்று ஏதேதோ வருகிறது.

கணக்கு டீச்சர்

ஒரு எலுமிச்சம்பழத்தைத் தண்ணீருக்குள் மெதுவாக அமுக்குங்கள். தண்ணீரின் மேற்பரப்புதான் ஃபிளாட்லேண்ட் என்று வையுங்கள். பழம் முதலில் தொடும்போது ஒரு புள்ளி, பிறகு சின்ன வட்டம், நடுப்பாகம் வரும்போது பெரிய வட்டம், மறுபடி சிறுத்துப் புள்ளியாகி மறையும். அந்தப் பரப்பிலேயே வாழ்கிறவனுக்கு முழுப் பழம் ஒருநாளும் தெரியாது. எங்கிருந்தோ ஒரு வட்டம் முளைத்தது, வளர்ந்தது, காணாமல் போனது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்னால் வரும் ஒரு சின்ன இடத்தை விட்டுவிடாதீர்கள். சதுரம் தன் பேரனுக்கு, ஓர் அறுகோணப் பையனுக்கு, வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மூன்று அங்குலக் கோட்டை நகர்த்தினால் ஒன்பது சதுர அங்குலம், அதாவது 3இன் வர்க்கம். பையன் கேட்கிறான்: அப்படியானால் 3இன் கனத்துக்கும் வடிவ கணிதத்தில் ஏதாவது அர்த்தம் இருக்க வேண்டுமே? இல்லை, போய்ப் படு என்கிறார் தாத்தா. பையன் போன பிறகும் மனம் ஆறாமல், முட்டாள் பையன் என்று உரக்கச் சொல்கிறார். உடனே ஒரு குரல்: பையன் முட்டாள் இல்லை. கோளத்தின் வருகை இப்படித்தான் தொடங்குகிறது.

பிறகு கோளம் அவருக்கு எண்ணிக் காட்டுகிறது. புள்ளியை நகர்த்தினால் கோடு, 2 முனை. கோட்டை நகர்த்தினால் சதுரம், 4 முனை. சதுரத்தை மேலே நகர்த்தினால் கனசதுரம், 8 முனை. எல்லைகளும் அப்படியே: கோட்டுக்கு 2 புள்ளி, சதுரத்துக்கு 4 கோடு, கனசதுரத்துக்கு 6 முகம். சொன்னால் புரியாமல், கடைசியில் கோளம் அவரை அவருடைய தளத்திலிருந்து தூக்கியே காட்ட வேண்டியிருக்கிறது. பார்த்த பிறகு சீடன் குருவை முந்துகிறான். அப்படியானால் கனசதுரத்தை இன்னொரு திசையில் நகர்த்தினால் 16 முனையும் 8 கனசதுர எல்லைகளும் உள்ள ஒன்று வர வேண்டுமே, அந்த நாட்டுக்கு என்னைக் கூட்டிப் போங்கள் என்கிறார். அப்படி ஒரு நாடே கிடையாது, நினைக்கவே முடியாத விஷயம் என்று கோளம் கோபப்பட்டு அவரைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. பேரனிடம் தாத்தா சொன்ன அதே பதில். இந்த இடத்தைப் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

நாற்கரம்

அருமை டீச்சர். ஒரே ஒரு சேர்க்கை, கோளம் பிறகு கனவில் வந்து, நீ சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது. 20ஆம் அத்தியாயம்.

அந்த 8 கனசதுர வடிவத்துக்கு டெசரெக்ட் என்று பெயர் வைத்தவர் ஹிண்டன். 1880லேயே நான்காவது பரிமாணம் பற்றிக் கட்டுரை எழுதியவர். அவருடைய மாமனார் பூலியன் கணிதத்தின் ஜார்ஜ் பூல். பூலின் மனைவி, நம் எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த நில அளவை அதிகாரி எவரெஸ்டின் சகோதரர் மகள். பூலின் இன்னொரு மகள் அலிசியா, பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் இல்லாமலே நான்கு பரிமாண வடிவங்களை மனக்கண்ணில் பார்த்து, அட்டையில் மாதிரிகள் செய்தவர். தலைப்புக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும்.

உப்புக்காற்று

வெளியே போகவில்லை, நேராக உள்ளேதான் வந்திருக்கிறீர்கள். பெண் என்றால் உணர்ச்சி மட்டும், அறிவு கிடையாது என்று வட்டங்கள் சட்டம் போட்ட புத்தகம் வந்த அதே காலத்தில், அதே நாட்டில் நான்காவது பரிமாணத்தைத் துல்லியமாகக் கண்டவர் அலிசியா பூல்.

என் குறையைச் சொல்லிவிடுகிறேன். இது நையாண்டி, சதுரம் சொல்வது அபாட்டின் கருத்து இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே அது தெரிகிறது. ஆண்கள் வீட்டில் பெண்களிடம் அன்பு, கடமை, இரக்கம் என்று பேசுவார்கள், வெளியே போனதும் அதே விஷயங்களை லாபம், அவசியம் என்று வேறு பாஷையில் பேசுவார்கள். ஆண்பிள்ளைகள் இரண்டையும் கற்க வேண்டியிருப்பதால் மூளை களைத்துப்போகிறதாம், அதனால் பெண்கல்வித் தடையை மறுபரிசீலனை செய்யலாமே என்று சதுரம் பணிவாகக் கேட்கிறார். பெண்ணுக்காகப் பேசக்கூட ஆண்பிள்ளையின் மூளையைத்தான் காரணம் காட்ட முடிகிறது. கூர்மையான இடம்.

ஆனாலும் 22 அத்தியாயத்தில் ஒரு கோடாவது தன் கதையைச் சொல்கிறதா? சதுரத்தின் மனைவி சில வரிகள் பேசுவாள், அதுவும் அசட்டுத்தனமாக. சட்டத்தால் கொல்லப்படும் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு சொல் கிடையாது. நையாண்டி செய்கிறவர் மேல்தட்டின் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தால், அந்தக் குரல்தான் புத்தகம் முழுக்கக் கேட்கும். 1884 வாசகர்கள் சிலரே தவறாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அவர் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதி விளக்க வேண்டிவந்தது.

பழைய புத்தகக்கடை

அந்த முன்னுரையை எல்லாரும் படிக்க வேண்டும். அதே வருஷக் கடைசியில் வந்தது. மூன்றாவது பரிமாணத்தைப் பற்றிப் பேசியதற்காகச் சிறையில் ஏழு வருஷம் கழிந்த பிறகு சதுரத்தின் கருத்து மாறிவிட்டது, கோடுகள் பல விதத்தில் வட்டங்களைவிட உயர்ந்தவை என்று இப்போது அவர் நினைக்கிறார் என்கிறார் அபாட். அப்புறம் வைக்கிறார் ஒரு குத்து: அவர் சரித்திரம் எழுதியபோது சரித்திராசிரியர்களின் வழக்கத்தைப் பின்பற்றினார், அவர்கள் பெண்களையும் சாதாரண ஜனங்களையும் குறிப்பிடத் தகுந்தவர்களாகக்கூட நினைத்ததில்லை, ஃபிளாட்லேண்டிலும் சரி, நம் உலகத்திலும் சரி. தற்காப்பு போலத் தொடங்கி, குற்றம் சாட்டிய வாசகர்களின் அலமாரியையே காட்டுகிறது.

உப்புக்காற்று சொல்லும் குறைக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனால் புத்தகத்தின் மையம் என்று ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் டெசரெக்டை எடுக்க மாட்டேன். 18ஆம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை எடுப்பேன். கீழ்வானம் அதுவரை போனீர்களா?

கீழ்வானம்

போனேன். முதல் பாகத்தில் விட்டதையும் முடித்துவிட்டுத்தான் போனேன், உப்புக்காற்றின் பேச்சைக் கேட்டு. நிறக் கலகம் பகுதி அசத்தல். குரோமாட்டிஸ்டிஸ் என்ற ஐங்கோணம் வண்ணம் பூசிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறான், தொட்டுப் பார்த்தும் உற்றுப் பார்த்தும் தரம் பிரிக்கிற வித்தையெல்லாம் வீணாகிறது, எல்லாரும் சமம் என்கிறார்கள். பெண்களுக்கும் பூசாரிகளுக்கும் ஒரே மாதிரி வண்ணம் கொடுக்க மசோதா வருகிறது. தலைமை வட்டம் ஒரு பேச்சுப் பேசுகிறார்: வண்ணம் வந்தால் கல்யாணத்தில் ஏமாற்று, வீட்டுக்கு வீடு மோசடி. கூட்டம் பிளந்துவிடுகிறது. அதன் பிறகு நிறம் வைத்திருந்தாலே குற்றம்.

18ஆம் அத்தியாயத்தில் கோளம் சதுரத்தை மேலே தூக்கிப் போகிறது. எல்லா வீட்டின் உள்ளும் ஒரே நேரத்தில் தெரிகிறது. எல்லாவற்றையும் பார்ப்பது கடவுளுக்கு மட்டுமே உள்ள குணமாயிற்றே, நான் தெய்வம் ஆகிவிட்டேனா என்று உருகுகிறார். கோளம் சிரிக்காத குறைதான். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர் ஜேப்படித் திருடனையும் கொலைகாரனையும்கூட நீ கும்பிட வேண்டும், அவர்களுக்கும் இதெல்லாம் தெரியும். இப்படிப் பார்க்க முடிவதால் நீ நியாயமானவன் ஆகிறாயா, இரக்கம் கூடுகிறதா, சுயநலம் குறைகிறதா, என்று கேட்கிறது. அதற்குச் சதுரத்தின் பதில்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. இரக்கமா, அன்பா, அதெல்லாம் பெண்களின் குணங்கள் ஆயிற்றே!

மூன்றாவது பரிமாணத்தில் நின்றுகொண்டு, தன் உலகத்தையே கீழே பார்த்துக்கொண்டு, இப்படிப் பேசுகிறார். ஒரு திசை புதிதாகத் திறந்தது, புத்தியில் ஒன்றும் திறக்கவில்லை. எங்கள் நாட்டில் பலர் உங்கள் வட்டங்களைவிட, நீங்கள் இகழும் கோடுகளைத்தான் மதிப்பார்கள் என்று கோளம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. நாற்கரம், முதல் பாகத்தை விட்டுவிட்டுப் படித்திருந்தால் இந்த இடம் எனக்கு ஒன்றுமே சொல்லியிருக்காது.

நாற்கரம்

அந்த இடத்துக்குச் சரிதான், அது முதல் பாகம் இல்லாமல் நிற்காது. ஆனால் மாணவர்களுக்குக் கொடுக்கும்போது நான் இன்னும் இரண்டாம் பாகத்திலிருந்துதான் தொடங்குவேன்.

உப்புக்காற்று

கோளம் பேசியது நன்றாக இருக்கிறது. அதையும் ஒரு கோளம்தான் பேசுகிறது, கோடு இல்லை. என் குறை அப்படியே இருக்கிறது. ஆனால் அபாட் அந்தக் கேள்வியைக் கடவுள் பெயரில் கேட்டது துணிச்சல். அற்புதங்களை நம்பினால்தான் விசுவாசம் என்பதை ஏற்காத மதகுரு அவர். பூட்டிய அறைக்குள் தோன்றுவதும் மனிதன் வயிற்றுக்குள் தொடுவதும் தெய்வத்தன்மைக்குச் சான்று ஆகாது என்று கதையாகவே எழுதிவிட்டார்.

டீக்கடை பெஞ்ச்

முடிவைச் சொன்னால் கோபிப்பீர்களா? சதுரத்தின் சகோதரன் விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. அவன் வட்டங்களின் ஆட்சிச் சபையில் குமாஸ்தா. கோளம் சபைக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவன். பார்த்த குற்றத்துக்கே ஆயுள் தண்டனை. ஏழு வருஷமாகச் சதுரம் வாராவாரம் அவனுக்கு விளக்குகிறார். கடைசிவரை, கோளம் என்று ஒன்று இருப்பதாகவே நான் நம்பவில்லை என்கிறான்.

கணக்கு டீச்சர்

பேரனும் அப்படித்தான். 3இன் கனத்தைப் பற்றிக் கேட்ட அதே பையன், வேறு உலகத்தைக் கண்டதாகச் சொல்பவர்களைத் தண்டிப்போம் என்ற சபையின் அறிவிப்பு வெளியான பிறகு தாத்தா சொல்லிக்கொடுக்க வரும்போது, சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன் என்று அழுதுகொண்டு ஓடிவிடுகிறான். சகோதரனுக்குப் புரியவில்லை, பையனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இதுதான் அதிகக் கஷ்டமாக இருந்தது.

கீழ்வானம்

நேற்று முடித்துவிட்டேன். சபை விசாரணையில் தலைவர், அந்த மேல் திசையைக் காட்டு பார்க்கலாம் என்று கேட்கிறார். காட்ட முடியவில்லை. வடக்கு இல்லை, மேலே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், போகப்போக அவருக்கே கனசதுரம் எப்படி இருந்தது என்று மங்குகிறது.

அடுத்து என்ன படிக்கலாம்? கணிதம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

நாற்கரம்

டியூட்னியின் பிளானிவர்ஸ், 1984. இரு பரிமாண உலகத்தில் வேதியியல், இயந்திரங்கள், உயிரினங்கள் எல்லாம் எப்படி வேலை செய்யும் என்று கட்டிக்காட்டியிருக்கிறார். வாயிலிருந்து மறுமுனை வரை நேராக ஒரு குழாய் போட்டால் பிராணி இரண்டு துண்டாகிவிடும் என்பது போன்ற சிக்கல்கள். வளைந்த வெளி பற்றி வேண்டுமானால் டச்சுக்காரர் பர்கரின் ஸ்பியர்லேண்ட், அதில் அந்த அறுகோணப் பேரனே கதை சொல்கிறான்.

உப்புக்காற்று

ஸ்பியர்லேண்டில் பெண்களின் நிலைமையும் கொஞ்சம் மாறியிருக்கும். கொஞ்சம்தான். படித்துவிட்டு வாருங்கள், அங்கேயும் சண்டை போடலாம்.